தாத்தாவின் டப்பாவில் பிரிட்டிஷ் காசுகள்: எது பிழை, எது வெறும் தேய்மானம்?

தூத்துக்குடியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். தாத்தா கப்பலில் வேலை பார்த்தவர். அவர் விட்டுப்போன பிஸ்கட் டப்பாவில் மூன்று காசுகள்: ஆண்டுக்குப் பக்கத்தில் ‘எச்’ என்ற எழுத்து உள்ள 1919 பென்னி, இரண்டு பக்கமும் மன்னர் தலையே இருக்கும் ஒரு பென்னி, சட்டைப் பொத்தான் அளவில் 1844 என்று போட்ட ஒரு செம்புக்காசு. கூடவே லண்டனில் இருக்கும் தம்பி கொண்டுவந்த இரண்டு: ஆண்டே இல்லாத 20 பென்ஸ், ‘நியூ பென்ஸ்’ என்று அச்சான 1979 இரண்டு பென்ஸ். “1919 பென்னியில் பிரிட்டானியாவுக்கு (பிரிட்டனைக் குறிக்கும் பெண் உருவம்) பின்னால் ஒரு தலை நிழல் மாதிரி தெரிகிறது. இரட்டை அச்சா? இதில் எதெல்லாம் பிழை நாணயம், எவ்வளவு போகும்? விற்கும் முன் புளி போட்டுத் துலக்கலாமா?” என்று கேட்கிறார்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: புளி வேண்டாம். எலுமிச்சை, விபூதி, பல்பொடி எதுவும் வேண்டாம். நூறு வருடத்தில் வெண்கலத்தின்மேல் படிந்த அந்தச் சாக்லேட் நிறம் அழுக்கு இல்லை, அதுதான் காசின் தோல். புளி அதை உரித்துவிட்டால் உள்ளே இளஞ்சிவப்பாக வெறும் உலோகம் தெரியும். வாங்குபவர் கையில் எடுத்த நொடியே கண்டுபிடித்துவிடுவார், விலை பாதிக்கும் கீழே போகும். நான் சேர்க்க ஆரம்பித்த புதிதில் பத்துப் பென்னியைக் குத்துவிளக்கு மாதிரி துலக்கிவைத்துப் பெருமைப்பட்டேன். இன்றைக்கும் அவை என்னிடமே இருக்கின்றன, வாங்க ஆளில்லை. மண் ஒட்டியிருந்தால் சுத்தமான தண்ணீரில் ஊறவைத்து, தேய்க்காமல் பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள், போதும். உங்கள் ஊர் உப்புக்காற்றுக்கு டப்பாவில் இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டுவையுங்கள். பிவிசி பிளாஸ்டிக் உறை மட்டும் கூடவே கூடாது. சில வருடத்தில் பச்சையாகப் பிசுபிசுக்கும்.

சரி, பிழைக்கு வருவோம். ஒரு காசு வித்தியாசமாகத் தெரிந்தால் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: இது நாணயசாலைக்குள் நடந்ததா, வெளியே வந்தபிறகு நடந்ததா? உள்ளே நடந்திருந்தால் பிழை, அதற்கு மதிப்பு உண்டு. வெளியே நடந்திருந்தால் சேதம். ஓரம் கடித்த மாதிரி இருக்கும் காசையே எடுத்துக்கொள்ளுங்கள். தகட்டிலிருந்து வட்ட வில்லை வெட்டும்போது முன்பு வெட்டிய ஓட்டையின்மேல் வெட்டுக்கருவி விழுந்தால், பிறை வடிவில் ஒரு துண்டு குறைந்த வில்லை கிடைக்கும். அதை அச்சிட்டால் அந்தக் கடிக்கு நேர் எதிர்ப்பக்க விளிம்பு பெரும்பாலும் மங்கலாக இருக்கும், ஏனென்றால் விளிம்பை எழுப்பும் இயந்திரத்துக்கு அந்த இடத்தில் எதிர்ப்பிடிப்பு கிடைக்காது. ஒருவர் அரம் வைத்து ராவிய காசில் எதிர்விளிம்பு முழுசாக, கூர்மையாக நிற்கும். கடித்த இடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தால் இது தெரியாது, எதிர்ப்பக்கத்தைப் பார்க்கவேண்டும்.

வகை என்பது வேறு. பிழை பெரும்பாலும் ஒரு காசுக்கு மட்டும் நேர்ந்த விபத்து. வகையில் அச்சே வேறு, அந்த அச்சில் அடித்த காசு எல்லாவற்றிலும் அந்த வித்தியாசம் இருக்கும். ஏழாம் எட்வர்ட் மன்னரின் 1902 பென்னி சிலவற்றில் பிரிட்டானியாவுக்குப் பின்னால் கடல்மட்டம் ஒரு படி கீழே, அவள் கால்கள் குறுக்கிடும் இடத்துக்கு நேராக இருக்கும். சேகரிப்பவர்கள் இதை ‘லோ டைடு’ பென்னி என்பார்கள். சாதாரணக் காசைப் பக்கத்தில் வைத்துப் பார்க்காதவரை கண்ணுக்குப் படாது.

இப்போது உங்கள் 1919 பென்னி. அந்த எச், பர்மிங்ஹாமில் இருந்த ஹீட்டன் நாணயசாலையின் முத்திரை. லண்டன் டவர் ஹில்லில் இருந்த அரசு நாணயசாலையால் தேவைக்கு ஈடுகொடுக்க முடியாதபோது வெளியே கொடுத்து அடித்தார்கள். 1912, 1918, 1919 பென்னிகளில் ஆண்டுக்கு இடப்பக்கம் எச் இருக்கும். 1918, 1919-இல் கிங்ஸ் நார்ட்டன் நிறுவனமும் அடித்தது, அதில் ‘கேஎன்’ என்று இரண்டு எழுத்து. கேஎன்தான் அரிது. எச் பிழையும் இல்லை, பெரிய அரிதும் இல்லை. தேய்ந்த காசுக்குச் சில பவுண்டுகள் கிடைத்தால் சந்தோஷப்படுங்கள். முத்திரையைவிடத் தேய்மானம்தான் விலையைத் தீர்மானிக்கும். அச்சான நாளின் செம்பொளி மிச்சமிருக்கும் அதே காசு பல மடங்குக்குப் போகும்.

அந்த நிழல்தான் எனக்குப் பிடித்த விஷயம். பிரிட்டானியா பக்கத்தைச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடியுங்கள். அவளைச் சுற்றிய வெற்றுப்பரப்பில் ஜார்ஜ் மன்னரின் தலை விளிம்பு, புகை படிந்த மாதிரி தெரியும். ஆங்கிலத்தில் இதற்குக் ‘கோஸ்டிங்’ என்று பெயர், பேய் உருவம். இரட்டை அச்சு இல்லை. ஐந்தாம் ஜார்ஜின் தலை பெரிதாகவும் ஆழமாகவும் வெட்டப்பட்டிருந்தது. அடிக்கும்போது உலோகம் அந்தப் பள்ளத்தை நிரப்ப ஓடிவிட, மறுபக்கத்தில் அதே வடிவத்தில் பற்றாக்குறை விழுந்தது. பிரிட்டானியாவே சில காசுகளில் முகமில்லாமல் நிற்கிறாள். நாணயசாலைக்கும் இது தலைவலிதான். 1926-இல் தலையைத் திருத்தினார்கள், 1928-இல் சிறிதாக்கினார்கள். ஆக, லட்சக்கணக்கான பென்னிகளுக்கு உள்ள பிறவிக்குறை இது. கூடுதல் விலை கிடையாது. இணையத்தில் ‘அபூர்வ இரட்டை அச்சு’ என்று இதை விற்பவர்களை நான் வாரம் ஒருமுறையாவது பார்க்கிறேன்.

இரட்டைத்தலை பென்னியைச் சுருக்கமாக முடித்துவிடலாம். பூவா தலையா போட்டு ஏமாற்றுவதற்காகவும் வித்தை காட்டவும் பட்டறையில் செய்த காசு அது. ஒன்றைக் குடைந்து, இன்னொன்றை இழைத்து உள்ளே பொருத்துவார்கள். பத்து மடங்கு லென்ஸில் விளிம்பின் உட்புறத்தைச் சுற்றிப் பாருங்கள், முடி போன்ற ஒட்டுக்கோடு தெரியும். சுண்டினாலும் மற்ற பென்னி மாதிரி ‘ணங்’ என்று ஒலிக்காது. நகைக்கடைத் தராசில் வைத்தால் அந்தக் காலத்துப் பென்னிக்கு உரிய 9.4 கிராமிலிருந்து பெரும்பாலும் விலகும். வீட்டுப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுங்கள், நன்றாக விளையாடுவார்கள்.

தம்பியின் 20 பென்ஸில் உண்மையாகவே அதிர்ஷ்டம் இருக்கலாம். 2008-இல் பிரிட்டன் தன் சில்லறைக்குப் புது உருவம் கொடுத்தது. பழைய 20 பென்ஸில் ரோஜா இருந்த பக்கம் ஆண்டு இருந்தது. புதியதில் அந்தப் பக்கம் அரச கேடயத்தின் ஒரு துண்டு வந்தது, ஆண்டு ராணி தலைப்பக்கம் போனது. மாறும் நேரத்தில் பழைய தலை அச்சையும் புதிய கேடய அச்சையும் சேர்த்துப் பூட்டிவிட்டார்கள், இரண்டு பக்கமும் ஆண்டில்லாத காசு வெளியே வந்துவிட்டது. ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் வரை இருக்கலாம் என்று நாணயசாலையே கணக்குச் சொன்னது. இப்படி ஜோடி மாறி அடிபட்ட காசுக்கு ‘மியூல்’ என்று பெயர். கோவேறு கழுதை!

ஆனால் காசைத் திருப்பிப் பாருங்கள். ரோஜா இருந்தால் ஆண்டு அந்தப் பக்கமே இருக்கும். தலைப்பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு எனக்கு எழுதுபவர்கள்தான் அதிகம். கேடயத்துண்டு இருந்து, தலைப்பக்கமும் ஆண்டில்லாமல், சுரண்டிய தடமும் இல்லாமல் இருந்தால் அது அசல். ஐம்பது அறுபது பவுண்டைச் சுற்றி எதிர்பார்க்கலாம். ஆயிரக்கணக்கில் போட்டிருக்கும் விளம்பரங்களை நம்பாதீர்கள். கேட்கும் விலை வேறு, விற்ற விலை வேறு. ஏலத்தளங்களில் முடிந்துபோன விற்பனைகளை மட்டும் தனியே பிரித்துப் பார்க்க வழி உண்டு, அதைப் பாருங்கள்.

‘நியூ பென்ஸ்’ கதையும் அப்படித்தான். 1971-இல் பவுண்டுக்கு 240 பென்னி என்ற கணக்கு போய் நூறு பென்ஸ் வந்தபோது, பழையதோடு குழம்பக்கூடாது என்று ‘நியூ’ சேர்த்தார்கள். 1981 வரை இரண்டு பென்ஸ் எல்லாவற்றிலும் அதுதான். 1982 முதல் ‘டூ பென்ஸ்’. 1983-இல் சேகரிப்பாளர்களுக்கென்று அடித்த தொகுப்புகள் சிலவற்றில் மட்டும் பழைய அச்சு நுழைந்துவிட்டது. அந்த 1983-க்குத்தான் நூற்றுக்கணக்கான பவுண்டு. உங்கள் 1979-ஐத் தம்பி லண்டனுக்குத் திரும்பும்போது செலவழிக்கலாம்.

எஞ்சியது அந்தப் பொத்தான் காசு. அது ‘ஹாஃப் ஃபார்த்திங்’, பென்னியில் எட்டில் ஒரு பங்கு. 1828-இல் முதலில் இதை அடித்தது பிரிட்டனுக்காக இல்லை, இலங்கைக்காக. 1842-இல்தான் பிரிட்டனுக்குள்ளும் செல்லும் என்றார்கள். எனவே உங்களுடையது லண்டனில் புழங்கியிருக்கவே தேவையில்லை. கொழும்பிலிருந்து தோணியில் வந்து உங்கள் குடும்பத்தில் யார் கையிலோ தங்கியிருக்கலாம். 1844 தாராளமாகக் கிடைக்கும் ஆண்டுதான். ஆனால் அதில் ஒரு வகை உண்டு. அப்போது அச்சில் எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கையால் குத்துவார்கள். ‘ரெஜினா’ (REGINA, லத்தீனில் ராணி) என்ற சொல்லில் ‘இ’ (E) குத்தவேண்டிய இடத்தில் யாரோ ‘என்’னை (N) குத்திவிட்டு, அதன்மேலேயே ‘இ’யைக் குத்திச் சரிக்கட்டியிருக்கிறார்கள். தேடி வாங்குபவர்கள் இருக்கிறார்கள்.

ஒன்று மட்டும் கவனம். நூறாண்டு தாண்டிய நாணயத்தை இந்தியாவிலிருந்து தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் இடம்தராது. எனவே 1844-ஐயும் 1919-ஐயும் லண்டன் ஏலத்துக்குத் தபாலில் போட்டுவிடாதீர்கள். உள்நாட்டிலேயே நாணயக் கண்காட்சிகளில் காட்டலாம்.

அதற்கு முன் அந்த ‘இ’யை லென்ஸில் பாருங்கள். நடுக்கோட்டைச் சாய்வாக வெட்டிக்கொண்டு ஒரு கோடு எழும்பி நின்றால் எனக்கு ஒரு படம் அனுப்புங்கள். விளக்கை நேர் மேலே பிடிக்காமல் பக்கவாட்டில் தாழ வையுங்கள், அப்போதுதான் மேடு பள்ளம் விழும்.