அமெரிக்க ஃபுட்பால் கேள்வி பதில்: கோச்சா, குவார்ட்டர்பேக்கா, காசோலையா?

சீசன் முடிந்தால் கடிதங்கள் குறையும் என்று நினைத்தேன், கூடித்தான் இருக்கிறது. முக்கால்வாசி, பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்கின் சம்பளம் பற்றிய புலம்பல்தான். நானும் ரசிகன் என்ற முறையில்தான் பதில் சொல்கிறேன். எனக்கும் விருப்பு வெறுப்பு உண்டு, அதை மறைக்கப் போவதில்லை.

நியூ ஜெர்சி வாசகர்: எங்கள் நியூயார்க் ஜயன்ட்ஸ் குவார்ட்டர்பேக் டேனியல் ஜோன்ஸுக்கு அள்ளிக் கொடுத்துவிட்டு, பந்தோடு ஓடும் சேக்வான் பார்க்லியைப் பரம எதிரியான ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸிடம் விட்டுவிட்டார்களே, இதைவிட மடத்தனம் உண்டா?

உண்டு, கிளீவ்லாந்துக்காரர் ஒருவர் கீழே காத்திருக்கிறார். ஆனால் உங்கள் வயிற்றெரிச்சல் நியாயமானதுதான். 2023 மார்ச்சில் ஒரே நாளில் இரண்டும் நடந்தது. ஜோன்ஸுக்கு 4 வருடம், 160 மில்லியன் டாலர். பார்க்லிக்கு ஒரு வருடத்துக்கு மட்டும் ஃப்ராஞ்சைஸ் டாக், அதாவது "எங்கேயும் போகாதே, ஒரு வருடம் நாங்கள் சொல்கிற சம்பளத்துக்கு ஆடு, அப்புறம் பார்க்கலாம்" என்ற முத்திரை. அடுத்த வருடம் பார்க்லி 3 வருடம், 37.75 மில்லியனுக்கு ஃபிலடெல்ஃபியா போனார், 2024 சீசனில் 2,005 கெஜம் ஓடினார், தன் 28வது பிறந்தநாளன்று சூப்பர் பவுல் என்ற இறுதிப் போட்டியை ஜெயித்தார். ஜோன்ஸை அதே சீசன் நவம்பரில் ஜயன்ட்ஸ் வெளியே அனுப்பியது.

சரி, இப்போது உங்களுக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்கிறேன். பார்க்லி நியூயார்க்கிலேயே இருந்திருந்தால் 2,005 கெஜம் ஓடியிருக்க மாட்டார். ஈகிள்ஸின் அஃபென்சிவ் லைன், அதாவது முன்னால் நின்று எதிரணியைத் தடுக்கும் ஐந்து பேர், அப்படிப்பட்டது. அந்த லைனின் இடதுபக்கம் நிற்கும் ஜோர்டன் மைலாட்டா ஆஸ்திரேலியாவில் ரக்பி ஆடிக்கொண்டிருந்தவர், புதியவர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2018ல் ஏழாவது சுற்றில் எடுக்கும்வரை ஒரு ஃபுட்பால் ஆட்டம்கூட ஆடியதில்லை. அவரைக் கால் வைக்கும் விதத்திலிருந்து தொடங்கிக் கற்றுக்கொடுத்து உருவாக்கியவர் ஜெஃப் ஸ்டவுட்லாண்ட் என்ற லைன் கோச். டிவியில் அவர் முகத்தைக் காட்டுவதே அபூர்வம். ஜோன்ஸையும் பாருங்கள், 2025ல் இண்டியானாபொலிஸ் போய் ஷேன் ஸ்டைக்கன் என்ற கோச்சிடம் சேர்ந்ததும் சீசனின் முதல் பாதியில் நன்றாகவே ஆடினார். ஆகவே உங்கள் கோபத்தில் பாதியை ஜோன்ஸிடமிருந்து எடுத்து, அவரைச் சுற்றி அணியைக் கட்டியவர்கள் மேல் வையுங்கள்.

கலிஃபோர்னியா வாசகி: கோச் என்பவர் மெனு கார்டு மாதிரி ஒரு அட்டையால் வாயை மூடிக்கொண்டு பேசுகிறார், அவ்வளவுதானே? ஆடுவது குவார்ட்டர்பேக்தானே?

அந்த அட்டைக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். ஒரு பிளே, அதாவது ஒரு முறை பந்தை எடுத்து ஆடுவது, முடிந்ததும் பொதுவாக 40 விநாடி கடிகாரம் ஓடத் தொடங்கும். குவார்ட்டர்பேக்கின் ஹெல்மெட்டுக்குள் ஒரு ஸ்பீக்கர் இருக்கும், அடையாளத்துக்குப் பின்பக்கம் ஒரு பச்சைப் புள்ளி. கோச் அடுத்த பிளேயின் பெயரைச் சொல்வார், அது ஒரு முழு வாக்கியம் நீளம் இருக்கும். குவார்ட்டர்பேக் அதை அப்படியே பத்துப் பேருக்குத் திருப்பிச் சொல்லி, வரிசையில் நிறுத்த வேண்டும். கடிகாரத்தில் 15 விநாடி மிச்சமிருக்கும்போது ரேடியோ தானாக அணைந்துவிடும். அதற்குப் பிறகு எதிரில் இருப்பவர்கள் இடம் மாறினால், பார்த்து முடிவெடுப்பது அவர் பாடு.

இந்த 15 விநாடிக்கு முன், பின் என்று பிரித்துப் பார்த்தால்தான் கோச் எங்கே முடிகிறார், குவார்ட்டர்பேக் எங்கே தொடங்குகிறார் என்று தெரியும். ஜாரெட் காஃப் இதற்கு நல்ல உதாரணம். 2016 டிராஃப்டில் முதல் ஆளாக லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணி எடுத்தது, முதல் வருடம் அவர் தொடங்கிய 7 ஆட்டங்களிலும் தோல்வி. கையாலாகாதவர் என்று எல்லோரும் எழுதி மூடிவிட்டோம். அடுத்த வருடம் 30 வயது ஷான் மெக்வே கோச்சாக வந்தார், அதே காஃப் 11 ஆட்டம் ஜெயித்துப் பிளே ஆஃப் என்ற இறுதிக்கட்டச் சுற்றுக்குப் போனார், 2018 சீசனில் சூப்பர் பவுலுக்கே போனார். மெக்வேயின் தந்திரம் எளிமையானது: ஆட்களைச் சீக்கிரம் வரிசையில் நிறுத்திவிடுவது, எதிரணி எப்படி நிற்கிறது என்று ரேடியோ அணைவதற்குள் தானே பார்த்துச் சொல்லிவிடுவது. சூப்பர் பவுலில் பில் பெலிச்செக் கோச்சாக இருந்த நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸிடம் இது எடுபடவில்லை, காஃபின் அணி மொத்தமே 3 புள்ளிதான் எடுத்தது.

அதற்குப் பிறகும் ராம்ஸ் அவருக்கு 134 மில்லியன் கொடுத்தது, பிறகு மனம் மாறி 2021ல் அவரையும் கூடவே இரண்டு முதல் சுற்று டிராஃப்ட் வாய்ப்புகளையும் டெட்ராய்ட்டிடம் கொடுத்து, அங்கே குவார்ட்டர்பேக்காக இருந்த மேத்யூ ஸ்டாஃபர்டை வாங்கியது. அந்த சீசனிலேயே சூப்பர் பவுல் ஜெயித்தார்கள், சரி, வியாபாரம் பலித்தது. ஆனால் டெட்ராய்ட்டில் தள்ளுபடிச் சரக்காகப் போய் இறங்கிய காஃப், பென் ஜான்சன் என்ற கோச் ஆட்டம் வகுக்க ஆரம்பித்த பிறகு மறுபடியும் எழுந்து, 2024 சீசனில் 15 வெற்றி, 2 தோல்வி. அதே கை, அதே கால். நடுவில் மாறியது யார் என்று நீங்களே சொல்லுங்கள். குவார்ட்டர்பேக் நல்லவரா இல்லையா என்று தனியாக ஒரு கேள்வியே கிடையாது, யாரிடம் நல்லவர் என்றுதான் கேட்க வேண்டும் என்பது என் கட்சி. இதற்கு விலக்காக ஐந்தாறு பேர் எந்தக் காலத்திலும் இருப்பார்கள், அவர்களுக்கு என்ன கேட்டாலும் கொடுத்துவிடலாம்.

கிளீவ்லாந்து வாசகர்: டெஷான் வாட்சன்?

உங்கள் பிரவுன்ஸ் இந்தக் குவார்ட்டர்பேக்கை 2022ல் மூன்று முதல் சுற்று டிராஃப்ட் வாய்ப்புகள் உட்படப் பலதையும் ஹியூஸ்டனுக்குக் கொடுத்து வாங்கி, 5 வருடம், 230 மில்லியன், கடைசி டாலர்வரை கேரண்டி. அதுவும் பல பெண்கள் பாலியல் அத்துமீறல் புகார் கொடுத்து வழக்கு நடந்துகொண்டிருந்த நேரத்தில். லீக் 11 ஆட்டத் தடையும் 5 மில்லியன் அபராதமும் போட்டது. அந்த இடத்தில் அதற்குமுன் இருந்த பேக்கர் மேஃபீல்டு இரண்டு மூன்று ஊர் அலைந்து, தாம்பா பேயில் 4 மில்லியனுக்கு ஒரு வருடம் ஆடி, 2024ல் 100 மில்லியன் ஒப்பந்தம் வாங்கினார். உங்களுக்கு ஆறுதல் சொல்ல எனக்கு வார்த்தை இல்லை.

டென்வர் வாசகர்: 245 மில்லியன், 450 மில்லியன் என்று செய்தி போடுகிறார்களே, அவ்வளவும் கைக்கு வருமா? சாலரி கேப் என்று அணியின் மொத்தச் சம்பளத்துக்கு ஓர் உச்சவரம்பு இருக்கும்போது இது எப்படி முடிகிறது?

தலைப்பில் வரும் தொகையை மறந்துவிடுங்கள், கேரண்டி எவ்வளவு என்று மட்டும் பாருங்கள். பேஸ்பால், பாஸ்கெட்பால் மாதிரி இல்லை. இங்கே கேரண்டி இல்லாத வருடங்களை அணி எப்போது வேண்டுமானாலும் கிழித்துப் போடலாம், ஒரு ஃபோன் போதும். அதனால்தான் ஆட்டக்காரர்கள் சைனிங் போனஸ் கேட்கிறார்கள், அது உடனே கைக்கு வரும் பணம்.

கேப் 1994ல் வந்தது. 2025க்கு ஓர் அணிக்கு 279.2 மில்லியன், அதற்குள் 53 பேரையும் ஓட்ட வேண்டும். சூட்சுமம் என்னவென்றால் 50 மில்லியன் போனஸ் இன்றைக்கே கொடுத்தாலும் கேப் கணக்கில் 5 வருடத்துக்குப் பிரித்து, வருடம் 10 மில்லியன் என்று எழுதிக்கொள்ளலாம். இன்றைக்கு இடம் கிடைக்கும், நாளைக்குக் கடன் வரும். இரண்டு வருடம் கழித்து ஆளை வெட்டினால் மிச்சமிருக்கும் 30 மில்லியன் ஆள் இல்லாமலேயே உங்கள் கணக்கில் நிற்கும், இதைத்தான் டெட் மனி என்கிறோம்.

உங்கள் பிராங்கோஸையே எடுத்துக்கொள்ளுங்கள். குவார்ட்டர்பேக் ரஸ்ஸல் வில்சன் அங்கே ஒரு பிளேகூட ஆடுவதற்கு முன்னாலேயே 245 மில்லியனுக்கு நீட்டிப்பு எழுதினார்கள். இரண்டு சீசன்தான். ஷான் பேட்டன் கோச்சாக வந்து, 2024ல் வில்சனை வெட்டியபோது டெட் மனி 85 மில்லியன், இரண்டு வருடத்தில் பிரித்துக் கட்டினார்கள். அவர் பிட்ஸ்பர்க் போய் 1.21 மில்லியன் குறைந்தபட்சச் சம்பளத்துக்கு ஆடினார், ஏனென்றால் மிச்சத்தை நீங்கள்தான் கொடுத்துக்கொண்டிருந்தீர்கள். வேடிக்கை என்னவென்றால் அந்த 85 மில்லியன் பாரத்தோடேயே பேட்டன், அந்த வருடம் டிராஃப்டில் 12வதாக எடுத்த போ நிக்ஸை வைத்துக்கொண்டு பிளே ஆஃப் போய்விட்டார். விஷயம் தெரிந்த கோச்சும் மலிவான குவார்ட்டர்பேக்கும் இருந்தால் கேப் அப்படியொன்றும் கழுத்தை நெரிக்காது.

கான்சாஸ் சிட்டி குவார்ட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸின் 450 மில்லியன் வேறு ரகம். 10 வருடத்துக்கு 2020ல் போட்டது. அந்த வருடம் கேப் 198.2 மில்லியன், இப்போது எங்கே இருக்கிறது பாருங்கள். கேப் ஏற ஏற அந்த ஒப்பந்தம் அணிக்கு லாபமாகிக்கொண்டே போகிறது. சராசரியாக வருடம் 45 மில்லியனுக்குக் கையெழுத்துப் போட்ட அவர் மூன்று சூப்பர் பவுல் ஜெயித்தவர், அதைவிட அதிகத்துக்குக் கையெழுத்துப் போட்ட பலர் ஒன்றுகூட ஜெயிக்காதவர்கள்.

டல்லாஸ் வாசகி: எங்கள் கவ்பாய்ஸ் குவார்ட்டர்பேக் டாக் பிரெஸ்காட் வருடத்துக்கு 60 மில்லியன் பெறுமா?

பெறாது. ஆனால் 2024 செப்டம்பரில், சீசனின் முதல் ஆட்டத்துக்குச் சில மணி நேரம் முன்னால் உட்கார்ந்து பேசினால் நானும் அதைத்தான் கொடுத்திருப்பேன், கையில் வேறு வழி இல்லை. ஒரு வருடம் முன்பே முடித்திருந்தால் எவ்வளவோ குறைவாக முடிந்திருக்கும். அணி உரிமையாளர் ஜெர்ரி ஜோன்ஸுக்குத் தள்ளிப் போடுவது ஒரு பழக்கம், ஒவ்வொரு முறையும் விலை ஏறிய பிறகுதான் கையெழுத்துப் போடுவார். தடுப்பாட்டக்காரர் மைக்கா பார்சன்ஸ் விஷயத்தில் அதுவும் போடாமல், 2025 ஆகஸ்டில் அவரை கிரீன் பே அணிக்கு விற்றே விட்டார், அங்கே 4 வருடம், 188 மில்லியன் உடனே கிடைத்தது. கவ்பாய்ஸ் கடைசியாக சூப்பர் பவுல் ஜெயித்தது 1996 ஜனவரியில். குவார்ட்டர்பேக்கை மட்டும் திட்டி என்ன பயன்?

சிகாகோ வாசகர்: புதிதாக வரும் குவார்ட்டர்பேக்கை உடனே இறக்கலாமா, ஒரு வருடம் உட்கார வைக்கலாமா?

இரண்டு பக்கமும் சாட்சி இருக்கிறது. மஹோம்ஸ் முதல் வருடம் அலெக்ஸ் ஸ்மித்துக்குப் பின்னால் உட்கார்ந்தார், ஆரன் ராட்ஜர்ஸ் மூன்று வருடம் உட்கார்ந்தார். பெய்டன் மேனிங்கோ 1998ல் முதல் ஆட்டத்திலிருந்தே ஆடி, 28 இன்டர்செப்ஷன் போட்டார், அதாவது எறிந்த பந்து 28 முறை எதிரணி கைக்குப் போனது. அப்புறம் எவ்வளவு பெரிய ஆட்டக்காரர் ஆனார் என்று ஊருக்கே தெரியும். 2002ல் ஹியூஸ்டன் டேவிட் கார் என்ற புதியவரை அப்படியே இறக்கியது, அந்த ஒரே சீசனில் 76 முறை சாக் வாங்கினார், அதாவது பந்தை எறிவதற்குள் எதிரணி மடக்கி வீழ்த்தியது, ஒரு மனிதன் அதற்குப் பிறகு எப்படி நிதானமாக நின்று பந்தை எறிவான்? உட்கார வைப்பதா இறக்குவதா என்பதைவிட, முன்னால் நிற்கும் ஐந்து பேருக்குத் தடுக்கத் தெரியுமா, கோச் அடுத்த வருடமும் இருப்பாரா என்று கேளுங்கள். கரோலைனா 2023ல் பிரைஸ் யங்கை முதலாவதாக எடுத்து, 11 ஆட்டத்திலேயே கோச் ஃபிராங்க் ரைக்கை அனுப்பிவிட்டது. பையன் யாரிடம் கற்றுக்கொள்வது?

இன்னொரு விஷயம். 2011ல் புதியவர்கள் சம்பளத்துக்கு உச்சவரம்பு வந்தது. 2010ல் முதலாவதாக எடுக்கப்பட்ட சாம் பிராட்ஃபோர்டுக்கு 78 மில்லியன், அடுத்த வருடம் கேம் நியூட்டனுக்கு 22 மில்லியன். அதனால் நல்ல இளைஞன் கிடைத்தால் அந்த நான்கு வருடமும் அணிக்குப் பொற்காலம். அந்த அவசரத்தில்தான் எல்லோரும் உடனே இறக்கிவிடுகிறார்கள்.

அட்லாண்டா வாசகர்: ஒப்பந்தம் கையில் இருக்கும்போதே பயிற்சிக்கு வராமல் அடம் பிடிக்கிறார்களே, இது துரோகம் இல்லையா?

அணி ஒப்பந்தத்தை முறித்தால் அதை வியாபாரம் என்கிறோம், ஆட்டக்காரர் பேரம் பேசினால் துரோகம் என்கிறோம். உங்கள் ஊரிலேயே கர்க் கசின்ஸுக்கு 100 மில்லியன் கேரண்டி கொடுத்து அழைத்துவந்து, அடுத்த மாதமே டிராஃப்டில் எட்டாவதாக இன்னொரு குவார்ட்டர்பேக்கை எடுத்தார்கள். அப்போது யாரும் துரோகம் என்று எனக்கு எழுதவில்லை.

பாஸ்டன் வாசகர்: பேட்ரியட்ஸின் வெற்றிகளுக்குக் காரணம் குவார்ட்டர்பேக் டாம் பிரேடியா, கோச் பெலிச்செக்கா?

பிரேடி. அவர் தாம்பா போய் முதல் வருடமே சூப்பர் பவுல் ஜெயித்துவிட்டார், அதற்கு மேல் என்ன விசாரணை?

(ஆமாம், மேலே கோச்தான் முக்கியம் என்று எழுதினேன். விலக்கு ஐந்தாறு பேர் என்றும் எழுதினேன்.)

டெட்ராய்ட் வாசகர்: 2024 ஜனவரியில் சான் ஃபிரான்சிஸ்கோவுடன் நடந்த அந்த ஆட்டம் இன்னும் தூக்கத்தைக் கெடுக்கிறது. எங்கள் கோச் டான் கேம்ப்பெல் 3 புள்ளி தரும் ஃபீல்ட் கோல் அடிக்காமல் நான்காவது டௌனில் இரண்டு முறை துணிந்தது தப்புதானே?

தப்பில்லை. (டௌன் என்றால் 10 கெஜம் முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் ஒன்று, நான்காவதும் தவறினால் பந்து எதிரணிக்கு.) முதல் முறை 24க்கு 10 முன்னிலை, தேவை 2 கெஜம். பந்து ஜாஷ் ரெனால்ட்ஸின் கைக்கே வந்து நழுவியது. வருடம் முழுக்க அப்படித் துணிந்துதான் அந்த அணி அங்கே வந்து சேர்ந்தது, அன்றைக்கு மட்டும் பயப்படு என்றால் எப்படி? இரண்டாவது முறை 27க்கு 24 பின்னால், தேவை 3 கெஜம், அதைப் பற்றி இரவு முழுக்க வாதாடலாம், நான் அப்போதும் துணிவேன்.

என் கோபம் யாரும் பேசாத இன்னொரு இடத்தில். கடைசி நிமிடத்தில் 10 புள்ளி பின்னால், கோல் கோட்டுக்குப் பக்கத்தில் மூன்றாவது டௌன். பந்தை எறிந்திருந்தால், பிடித்தால் டச் டவுன், தவறினால் கடிகாரம் தானாக நிற்கும். ஓட வைத்தார்கள். பந்தோடு ஓடிய மாண்ட்கோமரியை மடக்கிவிட்டார்கள், கடிகாரம் ஓடியது, அதை நிறுத்த டைம் அவுட் ஒன்று அங்கேயே போயிற்று. அடுத்த டௌனில் டச் டவுன் வந்தது, 34க்கு 31. அப்புறம் பந்தைத் தாங்களே திரும்பப் பிடிப்பதற்காகக் குட்டையாக உதைக்கும் ஆன்சைட் கிக் கைக்கு வராதபோது, எதிரணியை நிறுத்திப் பந்தைத் திரும்ப வாங்க அந்த டைம் அவுட் கையில் இல்லை. நான்காவது டௌனுக்காக அவரைத் திட்டுகிறவர்கள் இந்த மூன்றாவது டௌனுக்காகத் திட்டட்டும், நானும் சேர்ந்துகொள்கிறேன்.