பூட்டிய பப்பில் என்ன பார்த்தான் மகன்?

கேள்வி: லண்டனில் வேலை பார்க்கும் என் மகன் விடுமுறைக்கு வந்தபோது ஒரு ஆல்பம் காட்டினான். கொரோனா ஊரடங்கில் தினமும் நடக்கப் போன வழியில் எடுத்த படங்களாம். தேவாலயம், நூலகம், பழைய ரயில் நிலையம் எல்லாம் இருக்கின்றன, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பாதிக்கு மேல் மதுக்கடைகள்! பூட்டிக் கிடந்த சாராயக் கடையைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு "இது வரலாறுப்பா" என்கிறான். பெற்றவன் சிரிப்பதா, அழுவதா?
- ஒரு வாசகர், மயிலாடுதுறை

பதில்: அழுவதற்கு முன் தேதிகளைப் பாருங்கள். பிரிட்டனில் பப்களை மூடச் சொன்னது 2020 மார்ச் 20, வெள்ளிக்கிழமை. ஊரடங்கு அறிவிப்பு வந்தது 23ஆம் தேதி. உடற்பயிற்சிக்காக நாளுக்கு ஒரு முறை வெளியே வரலாம் என்றார்கள். இங்கிலாந்தில் பப் கதவு மறுபடி திறந்தது ஜூலை 4ஆம் தேதிதான். உள்ளே கால் வைக்கவே முடியாத கடையின் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்த பிள்ளையைப் பற்றி எனக்குப் புகார் எழுதுகிறீர்கள். அதே ஆண்டு மே 7ஆம் தேதி நம் ஊரில் டாஸ்மாக் திறந்தபோது நின்ற வரிசையை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதில் ஒருவராவது கட்டடத்தைப் பார்த்திருப்பாரா? பாவம், அங்கே பார்க்கத்தான் என்ன இருக்கிறது, கம்பி வலையைத் தவிர!

பப் என்பது 'பப்ளிக் ஹவுஸ்' என்பதன் சுருக்கம், பொது வீடு. காலையில் சுரங்க ரயிலைப் பிடித்து இரவில் திரும்புகிறவனுக்கு அவன் குடியிருக்கும் தெருவே தெரியாது. ஊரடங்கில் ரயில் பிடிக்க வேண்டியதில்லை, அலுவலகம் இல்லை, நடை மட்டும்தான். நடந்தால் தெருமுனைதான் கண்ணில் படும், லண்டனில் தெருமுனை என்றால் பெரும்பாலும் பப்தான். மூடி எத்தனையோ வருடமாகி அடுக்குமாடி வீடாக மாறிய பிறகும், மாடிச் சுவரில் பீர் காய்ச்சிய கம்பெனியின் பெயர் டைல்ஸில் அப்படியே இருக்கும்.

பெயர்ப்பலகையை எடுத்துக்கொள்ளுங்கள். லண்டனில் ஏல் என்ற பீர் வகையைக் காய்ச்சி விற்பவர் வாசலில் அடையாளப் பலகை தொங்கவிட வேண்டும், இல்லாவிட்டால் சரக்கு பறிமுதல் என்று இரண்டாம் ரிச்சர்ட் மன்னர் 1393இல் உத்தரவு போட்டார். தரம் பார்க்க வரும் அதிகாரிக்குக் கடை தெரிய வேண்டுமே. எழுத்துத் தெரியாத காலம், அதனால் பலகையில் படம். 'ராயல் ஓக்' என்ற பெயர் உங்கள் மகனின் ஆல்பத்தில் இருக்கிறதா பாருங்கள். 1651இல் வூஸ்டர் போரில் தோற்று ஓடிய இரண்டாம் சார்லஸ் ஒளிந்துகொண்ட ஓக் மரம் அது. தோற்ற ராஜா ஏறி உட்கார்ந்த மரத்தை ஊர் ஊராக மாட்டி வைத்திருக்கிறார்கள்!

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் பளிங்கும் பித்தளையும் பூவேலைக் கண்ணாடியுமாக இழைத்தது கலைச் சேவைக்காக அல்ல, ஆளை உள்ளே இழுக்கத்தான். குடி குடியைக் கெடுத்த கதை அங்கேயும் உண்டு. ஆனால் இழுக்கக் கட்டியது அழகாக அமைந்துவிட்டதே, என்ன செய்ய? பிளாக்ஃப்ரையர்ஸ் பாலத்தருகே ஆப்பு வடிவில் ஒரு பப் இருக்கிறது. கறுப்பு அங்கித் துறவிகளின் மடம் இருந்த இடம். 1905 வாக்கில் புதுப்பித்தவர்கள் சுவரெல்லாம் செம்புத் தகட்டில் துறவிகளைப் பாடவும் மீன் பிடிக்கவும் விட்டார்கள். 1960களில் இடிக்கப் பார்த்தபோது கவிஞர் ஜான் பெட்ஜமன் முன்னின்று காப்பாற்றினார். நான் ஒரு முறை அங்கே எலுமிச்சை சோடாவோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறேன். யாரும் விரட்டவில்லை.

லிவர்பூலின் பில்ஹார்மானிக் பப்புக்கு 2020 பிப்ரவரியில் முதல் தர வரலாற்றுக் கட்டடம் என்ற தகுதி கிடைத்தது. பக்கிங்ஹாம் அரண்மனைக்கும் அதே தரம்தான். அடுத்த மாதமே பூட்டு! அங்கே ஆண்கள் கழிப்பறையின் ரோஜா நிறப் பளிங்கைப் பார்க்கவே ஆள் வருவார்கள் என்பதை உங்கள் வீட்டில் சொல்லிவிடாதீர்கள், மகன் மீது இன்னொரு வழக்கு விழும்.

அப்புறம் கார்ல்டன் டேவர்ன். வடமேற்கு லண்டனில் 1920களின் தொடக்கத்தில் கட்டிய சாதாரண செங்கல் பப், அரண்மனையெல்லாம் இல்லை. பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவிப்பு வரப்போகிறது என்ற நிலையில், அடுக்குமாடி கட்ட நினைத்த உரிமையாளர் 2015 ஏப்ரலில் அனுமதி வாங்காமல் இடித்துத் தள்ளினார். அபராதம் கட்டிவிட்டால் தீர்ந்தது என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். வட்டாரத்து மக்கள் விடவில்லை. வெஸ்ட்மின்ஸ்டர் மாநகர நிர்வாகம், இருந்தது இருந்தபடியே செங்கல் செங்கலாகத் திரும்பக் கட்டு என்று ஆணையிட்டது. மேல்முறையீடும் எடுபடவில்லை. இடிப்பதற்கு முன்பே கட்டடத்தின் விவரங்களைப் பதிவு செய்து வைத்திருந்தார்கள், அது கைகொடுத்தது. 2021 ஏப்ரலில், பப்கள் வெளியே மேசை போட்டுப் பரிமாறலாம் என்று ஊரடங்கு தளர்ந்த அதே மாதத்தில், கார்ல்டன் திரும்பத் திறந்தது. ஆறு வருடம்! அத்தனை பாடும் நீங்கள் சாராயக் கடை என்று சொல்கிற ஒன்றுக்காக. நம் ஊரில் நூறு வருடத்துப் பள்ளிக்கூடத்தை ராத்திரியோடு ராத்திரியாக இடித்தால் காலையில் எத்தனை பேர் கேட்போம்?

சரி, உங்கள் உண்மையான கவலை கட்டடம் இல்லை. பிள்ளை அங்கே குடிக்கிறானா என்பதுதானே? அதை என்னிடம் கேட்க ஐம்பது காசு அஞ்சலட்டை எதற்கு? அவனிடமே கேளுங்கள். கேட்கும்போது ஆல்பத்தையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரே பப்புக்கு இரண்டு வாசல் இருக்கும் படம் அதில் எப்படியும் ஒன்று தேறும். ஒரு கதவின் கண்ணாடியில் 'பப்ளிக் பார்' என்றும் மற்றதில் 'சலூன்' என்றும் எழுதியிருக்கும். அந்தக் காலத்தில் உழைத்துக் களைத்து வருகிறவருக்கு ஒரு வாசல், கோட்டு போட்டவருக்கு இன்னொரு வாசல். இரண்டு பக்கமும் ஒரே பீர், கோட்டுக்காரருக்குக் கொஞ்சம் விலை கூட. டீக்கடையில் தனிக் குவளையைப் பார்த்த ஊர்க்காரர் நீங்கள், எந்தக் கதவு யாருக்கு என்று அவன் சொல்ல ஆரம்பித்தால் மீதியை நீங்களே சொல்லிவிடுவீர்கள்.