சுரங்கத் தூசியால் வருமா சார்காய்டோசிஸ்?

கேள்வி: என் கணவர் இளவயதில் சேலம் மேக்னசைட் சுரங்கத்தில் பாறை துளையிடும் வேலை பார்த்தவர், இப்போது ஏற்காட்டில் காப்பிக்கொட்டைக் கிடங்கில் இருக்கிறார். வறட்டு இருமல் நிற்காததால் பரிசோதித்ததில், நுரையீரலிலும் நெறிக்கட்டிகளிலும் சார்காய்டோசிஸ் என்கிறார்கள். சுரங்கத் தூசிதான் காரணமா? குழந்தைகளுக்கும் தொற்றுமா?
– வாசகி, அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: குழந்தைகளைப் பற்றிய கவலையை முதலில் விடுங்கள், சகோதரி, இது தொற்றுநோய் அன்று. இதற்கு ஒரே காரணம் என்று எதையும் மருத்துவம் இதுவரை உறுதி செய்யவில்லை. பரம்பரையாக அதற்கேற்ற உடல்வாகு கொண்டவர் மூச்சோடு ஏதோ ஒன்றை உள்ளிழுக்க, எதிர்ப்பு அணுக்கள் அதைச் சுற்றித் திரண்டு ‘கிரானுலோமா’ எனும் சிறு முடிச்சுகளாகின்றன என்பதே இன்று பலரும் ஏற்கும் கருத்து.

அமெரிக்காவில் 706 நோயாளிகளை அதே எண்ணிக்கையிலான மற்றவர்களோடு ஒப்பிட்டு 2004-இல் வெளியான ஆய்வு, பூச்சிக்கொல்லி, வேளாண் வேலை, பூஞ்சை வாடை வீசும் பணியிடம் ஆகியவற்றோடு இந்நோய்க்குத் தொடர்பு இருப்பதாகக் கண்டது. ஆயினும் எதையும் தனிக் காரணமாகச் சுட்டவில்லை. 2001-இல் நியூயார்க் இரட்டைக் கோபுரங்கள் இடிந்தபோது அந்தத் தூசியில் உழைத்த தீயணைப்பு வீரர்களிடமும் இது கூடுதலாகக் காணப்பட்டது.

மேக்னசைட் தூளைக் குற்றம் சொல்ல ஆதாரம் இல்லை. ஆனால் துளையிட்ட பாறையில் சிலிக்கா (மணலில் இருக்கும் கனிமம்) இருந்திருந்தால் அது பொருட்படுத்த வேண்டிய செய்தி. சிலிக்காத் தூசிக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பை ஆய்வுகள் காட்டியுள்ளன. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது கிடங்குதான். மழைக்காலத்தில் ஈரம் ஏறிய சாக்குகளை உதறும்போது எழும் பூஞ்சைத் தூளை அவர் இன்றும் சுவாசிக்கிறாரா? அது இதே போன்ற அறிகுறிகளைத் தரும் வேறொரு ஒவ்வாமை நுரையீரல் நோயையும் உண்டாக்கக்கூடியது.

தொழிலைக் கேட்டறியாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலும் ஒரு சேலம் இருக்கிறது, அந்த ஊரே சான்று. 1940-களில் அங்கு டியூப்லைட் ஆலைத் தொழிலாளர்களுக்கு வந்த நோயை ‘சேலம் சார்காய்டு’ என்றே அழைத்தார்கள். விளக்கின் உட்பூச்சில் கலந்த பெரிலியம் என்ற உலோகமே அதற்குக் காரணம் என்பதை மருத்துவர் ஹாரியட் ஹார்டியின் ஆய்வு வெளிக்கொணர்ந்தது.

ஆகவே உங்கள் கணவர் பார்த்த வேலைகள், கையாண்ட பொருள்கள் அனைத்தையும் ஆண்டுவாரியாக எழுதி நுரையீரல் மருத்துவரிடம் கொடுங்கள். காசநோயிலும் இத்தகைய முடிச்சுகள் உருவாகும் என்பதால், எதிர்ப்புச் சக்தியைத் தணிக்கும் ஸ்டீராய்டு மருந்தை இந்நோய்க்குத் தொடங்குமுன் சளியிலும் திசுவிலும் காசநோய்க் கிருமி இல்லை என்று உறுதி செய்யப்பட்டதா என்பதைத் தயங்காமல் கேளுங்கள்.