நிலமும் இடரும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

நான் தயாரித்த நிலச்சரிவு ஏதுநிலை வரைபடத்துக்கு ‘இடர் வரைபடம்’ என்று தலைப்பிடலாமா?

கூடாது. எங்கே சரியக்கூடும் என்பதை மட்டுமே அது காட்டுகிறது. எவ்வளவு பெரிதாக, எத்தனை ஆண்டுகளுக்கு ஒருமுறை என்பதும் சேர்ந்தால்தான் அது இடர். நீங்கள் 95 விழுக்காடு துல்லியம் என்று பெருமிதத்துடன் குறிப்பிட்டிருப்பதும் ஐயத்துக்குரியது. ஒரே சரிவின் அடுத்தடுத்த புள்ளிகளில் ஒன்றைப் பயிற்சிக்கும் மற்றொன்றைச் சோதனைக்கும் ஒதுக்கினால் எந்தக் கணிப்பு மாதிரியும் நன்றாகத்தான் தேறும்.

ஓர் ஆற்றின் 30 ஆண்டு நீரோட்டப் பதிவைக் கொண்டு 500 ஆண்டு வெள்ளத்தைக் கணக்கிட்டுள்ளேன். கம்பெல், லாக்-பியர்சன் ஆகிய நிகழ்தகவுப் பரவல்களில் எது சிறந்தது?

இதே கேள்வி வெவ்வேறு எண்களுடன் பலரிடமிருந்து வந்திருக்கிறது. எந்தப் பரவல் என்பது இங்கே கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. பதிவின் நீளத்தைப் போல ஏறக்குறைய இரு மடங்குக்கு மேல் நீட்டிக் கணிக்கக் கூடாது என்பது நடைமுறை விதி. நீங்கள் பதினாறு மடங்குக்கு மேல் நீட்டியிருக்கிறீர்கள். அரிய பெருவெள்ளங்களுக்குரிய அந்த வால்பகுதியில் இரு பரவல்களும் ஒன்றுக்கொன்று வெகுவாக விலகிய விடைகளைத் தரும்; உங்கள் 30 புள்ளிகளைக் கொண்டு அவற்றுள் எது சரி என்று தீர்மானிக்கவும் முடியாது.

அந்த 30 புள்ளிகளே எவ்வளவு நம்பகமானவை என்பதையும் பாருங்கள். பெருவெள்ளத்தின் உச்சத்தில் யாரும் ஆற்றில் இறங்கி நீரின் வேகத்தை அளப்பதில்லை. நீர்மட்டத்தைக் குறித்துக்கொண்டு, சிறு வெள்ளங்களில் அளந்த மட்டம்-நீரோட்ட வளைகோட்டை மேல்நோக்கி நீட்டித்தே உச்ச நீரோட்டத்தைப் பெறுகிறோம். ஆக, கணக்கில் மிகுந்த எடை பெறும் புள்ளியே மிகக் குறைந்த நம்பகத்தன்மை உடையது. புயல் மழையால் வந்த வெள்ளத்தையும் பருவமழை வெள்ளத்தையும் ஒரே பட்டியலில் கலந்திருந்தால் சிக்கல் இன்னும் கூடும். மேல்நிலத்தில் அணை கட்டியதும் காடு அழிந்ததும் பதிவுக் காலத்துக்குள் நிகழ்ந்திருந்தால், நீங்கள் ஆராய்வது ஓர் ஆற்றை அல்ல, இரண்டு ஆறுகளை. வெப்பநிலை 1 பாகை செல்சியஸ் உயர்ந்தால் காற்று ஏறக்குறைய 7 விழுக்காடு கூடுதல் நீராவியைத் தாங்கும் என்பதால், கடந்த காலத்தின் புள்ளியியல் எதிர்காலத்துக்கு அப்படியே பொருந்தும் என்று கொள்வதற்கும் இடமில்லை.

100 ஆண்டு வெள்ளம் என்றால் நூறாண்டுக்கு ஒருமுறை முறைவைத்து வரும் வெள்ளம் என்று செய்திக் குறிப்புகள் இன்னமும் எழுதிக்கொண்டிருக்கின்றன. எந்த ஓர் ஆண்டிலும் 1 விழுக்காடு வாய்ப்பு என்பதே அதன் பொருள். 30 ஆண்டுகள் ஓரிடத்தில் குடியிருப்பவர் அத்தகைய வெள்ளத்தை ஒருமுறையேனும் சந்திக்கும் வாய்ப்பு ஏறக்குறைய நான்கில் ஒன்று. சென்ற ஆண்டு வந்துவிட்டது, இனிக் கவலையில்லை என்று நினைத்து ஆற்றோரத்தில் மனை வாங்குகிறவர்களை உருவாக்குவது இந்தச் சொற்றொடரைக் கவனமின்றிக் கையாளும் நாம்தான்.

உண்மையிலேயே நீண்ட காலத்தை அறிய வேண்டுமானால் களத்துக்குச் செல்லுங்கள். பள்ளத்தாக்கின் ஒதுக்கிடங்களிலும் பாறைக் குடைவுகளிலும் பழைய வெள்ளங்கள் விட்டுச்சென்ற நுண்மணல், வண்டல் அடுக்குகளைக் காலக்கணிப்புக்கு உட்படுத்தினால் பல நூற்றாண்டுகளின் பெருவெள்ளங்கள் தெரியவரும். எப்படியாயினும், பதிவின் நீளத்தையும் நம்பக இடைவெளியையும் (உண்மை மதிப்பு இருக்கக்கூடிய எல்லைகள்) குறிப்பிடாமல் எந்த எண்ணையும் அச்சேற்றாதீர்கள்.

2021இல் உத்தராகண்டின் சமோலியில் பனியாற்று ஏரி உடைந்ததே, ஏரிகளைக் கண்காணித்திருந்தால் தடுத்திருக்கலாம் அல்லவா?

அங்கே உடைந்தது ஏரி அல்ல. அவ்வாண்டு பிப்ரவரி 7 அன்று ரோண்டி சிகரத்தின் செங்குத்தான முகப்பிலிருந்து ஏறக்குறைய 2.7 கோடி கன மீட்டர் பாறையும் பனிக்கட்டியும் பெயர்ந்து விழுந்தன. அதில் ஐந்தில் நான்கு பங்கு பாறை. விழுந்த வேகத்தின் உராய்வில் பனிக்கட்டி உருகி, சகதிப் பெருக்காக மாறிப் பள்ளத்தாக்கில் பாய்ந்தது. முதல்நாள் செய்திகளை மேற்கோளாக்கி ஆய்வேடு எழுதுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். ஏரி உடைப்புக்கு உதாரணம் வேண்டுமென்றால் 2023 அக்டோபரில் சிக்கிமின் தெற்கு லோனாக் ஏரியில் நிகழ்ந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கும் கரை மொரைன் (பனியாறு குவித்த பாறை, மண் மேடு) சரிந்து நீரில் விழுந்ததே தொடக்கம் என்பதால், ஏரியின் பரப்பை மட்டும் அளந்துகொண்டிருப்பது போதாது.

வெள்ளம் பற்றி விரிவாக விளக்கவும்.

எந்த ஆறு, எந்தக் காலம், என்ன தரவு என்று எழுதினால் விளக்கலாம்.

ஈரக்குமிழ் வெப்பநிலை (ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவு) 35 பாகைக்குக் கீழ் இருந்தால் ஆபத்தில்லை என்று கொள்ளலாமா?

கொள்ளக் கூடாது. நிழலில், ஓய்வில், தடையின்றி வியர்க்கும் உடலுக்குக் கோட்பாட்டளவில் சொல்லப்பட்ட உச்ச வரம்பு அது. ஈரப்பதம் மிகுந்த சூழலில் உடல்நலமுள்ள இளைஞர்களுக்கே 31 பாகையை ஒட்டி உடல்வெப்பம் கட்டுமீறத் தொடங்கியதைச் சோதனைகள் காட்டின. முதியவர்களுக்கும் வெயிலில் உழைப்பவர்களுக்கும் வரம்பு இன்னும் கீழே.

1 மீட்டர் புயல் அலையேற்றத்தில் மூழ்கும் பகுதிகளை எஸ்ஆர்டிஎம் என்னும் நில உயர மாதிரியைக் கொண்டு வரையலாமா?

2000 பிப்ரவரியில் விண்ணோடத்திலிருந்து ரேடாரால் அளக்கப்பட்ட மாதிரி அது. தாழ்ந்த கடற்கரையில் அதன் பிழையே பல மீட்டர் வரை போகும். மரங்களும் கூரைகளும் பல இடங்களில் தரையாகப் பதிவாகியிருக்கும். ஆகவே மூழ்க வேண்டிய நிலம் உங்கள் வரைபடத்தில் மேடாக நிற்கும். லைடார் (லேசர் கதிரால் உயரம் அளக்கும் முறை) அளவீடு கிடைத்தால் அதைப் பயன்படுத்துங்கள். கிடைக்காவிட்டால், மரமும் கட்டடமும் நீக்கித் திருத்திய மாதிரியை எடுத்துக்கொண்டு, அதன் பிழையளவையும் வரைபடத்திலேயே அச்சிடுங்கள். உயரம் எந்தக் கடல்மட்டத்தை அடிப்படையாகக் கொண்டது என்பதையும் சரிபாருங்கள். உங்கள் குறிப்பில் அது இல்லை.