நுவரெலியாவுக்குப் புத்தகப் பெட்டிகளோடு வந்த தம்பிக்கு

கோவையிலிருந்து வேலைக்கு வந்து, பெட்டிகளைப் பிரிக்கும் முன்பே கேட்டிருக்கிறீர்கள்: புத்தகம், தபால்தலை, வீட்டுச் சாமான் எல்லாவற்றையும் பதிந்து வைக்க எந்த மென்பொருள் நல்லது? நானும் மதுரையை விட்டு வந்து ஹட்டனில் தங்கிப்போனவன்தான். இந்த ஊருக்கு ஏற்றபடி சொல்கிறேன்.

பார்கோடைக் காட்டினால் விவரம் தானாக வரும் என்ற விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டாதீர்கள். ஆங்கிலப் புத்தகத்துக்குப் பெரும்பாலும் வரும். தமிழ்ப் புத்தகத்துக்கு வந்தால் அதிர்ஷ்டம். பழைய பதிப்புகளில் பார்கோடுக்கு வேண்டிய ஐஎஸ்பிஎன் என்ற புத்தக எண்ணே கிடையாது. இலங்கையில் வந்த நூல் என்றால் 'நூலகம்' என்ற இணைய நூலகத் தளத்தில் தேடிப் பாருங்கள். மற்றதைக் கையால்தான் அடிக்க வேண்டும், அதுவும் எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடில். இங்கே இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடிப்பவர்கள் உண்டு. அப்படி அடித்த பட்டியலில் யூனிகோடில் பெயரைப் போட்டுத் தேடினால் ஒன்றும் அகப்படாது.

லினக்ஸ் மடிக்கணினி இருந்தால் டெலிகோ என்ற மென்பொருள் போதும். இலவசம், இணையம் இல்லாமலும் ஓடும், தபால்தலைக்கும் நாணயத்துக்கும் தனித்தனிப் படிவம் உண்டு. வீட்டுச் சாமானுக்கு ஹோம்பாக்ஸ் அருமை, ஆனால் சொந்தமாகச் சர்வர் ஓட்டத் தெரிந்திருந்தால் நல்லது. இரண்டும் தலைவலி என்றால் கூகுள் ஷீட். கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

எதை எடுத்தாலும் முதல் நாளே பத்துப் பொருளைப் பதிந்து, சிஎஸ்வியாக, அதாவது எந்த மென்பொருளிலும் திறக்கக்கூடிய எளிய அட்டவணைக் கோப்பாக, வெளியே எடுத்துப் பாருங்கள். எக்ஸலில் நேரே திறந்தால் தமிழ் குப்பையாகத் தெரியலாம். இறக்குமதி செய்யும்போது எழுத்துக் குறியாக்கமாக யூடிஎஃப்-8 கொடுத்தால் சரியாகிவிடும். பட்டியலை வெளியே எடுக்கவே விடாத செயலியா? அன்றைக்கே அழித்துவிடுங்கள்.

அப்புறம், 'கடைசியாகத் திறந்து பார்த்த தேதி' என்று ஒரு கட்டம் சேருங்கள். நுவரெலியா 1,868 மீட்டர் உயரம், மழையும் மூடுபனியும் விடாது. தபால்தலையின் பசை ஈரத்தில் இளகி ஆல்பத்தோடு ஒட்டிக்கொள்ளும். கேமரா லென்ஸுக்குள் மெல்லிய நூல்நூலாகப் பூஞ்சணம் ஓடும். தேதிப்படி வரிசைப்படுத்தினால் எந்தப் பெட்டி மாதக்கணக்கில் மூடிக் கிடக்கிறது என்று உடனே தெரியும்.

பட்டியலின் பிரதி வீட்டில் மட்டும் இருக்கவே கூடாது. 2025 நவம்பரில் டித்வா புயலின்போது கண்டி, பதுளை, நுவரெலியாப் பக்கமெல்லாம் மண்சரிவு. எச்சரிக்கை வந்தால் மடிக்கணினியைத் தேடிக்கொண்டு நிற்க முடியாது. கூகுள் டிரைவில் ஒன்று, கோவையில் அம்மாவின் போனில் ஒன்று வையுங்கள். விலை கூடிய சாமான்களின் பற்றுச்சீட்டையும் படமெடுத்துக் கூடவே போடுங்கள், காப்புறுதிக்காரர் முதலில் கேட்பது அதைத்தான்.