எத்தனை லியாங் வேண்டும்?

கேள்வி: ஆறு மாத வேலைக்காக அடுத்த மாதம் பெய்ஜிங் போகிறேன். நான் தங்கப்போகும் கட்டடத்தின் கீழேயே ஜியாவ்ஸ் எனும் டம்ப்ளிங் விற்கும் சின்னக் கடை இருக்கிறதாம். விலை மலிவு, ஆனால் சீன மொழி மட்டும்தான் பேசுவார்களாம். எனக்குப் பன்றி இறைச்சி ஆகாது. ஆடு, கோழி, முட்டை சாப்பிடுவேன். இந்த மாதிரிக் கடையில் எப்படிக் கேட்டு வாங்குவது? நம்பிச் சாப்பிடலாமா?

பதில்: தாராளமாகச் சாப்பிடலாம். எட்டு வருஷம் அங்கே இருந்தவன் நான். வீட்டை விட்டுத் தள்ளியிருந்த அந்த நாட்களில் என்னைப் பசியாற்றியது பெரும்பாலும் இப்படிப்பட்ட கடைகள்தான்.

நீங்கள் வாயைத் திறப்பதற்குள் அவர்கள் கேட்பது, "எத்தனை லியாங்?" என்றுதான். ஒரு லியாங் என்றால் 50 கிராம். ஆனால் அது தட்டில் வருகிற ஜியாவ்ஸின் எடை அல்ல, அதற்குப் பிசைந்த மாவின் எடை. 50 கிராம் மாவில் ஐந்தாறு ஜியாவ்ஸ் தேறும். ஆக, மூன்று லியாங் கேட்டால் பதினெட்டு வரை வரும். நல்ல பசிக்கு அது சரியாக இருக்கும். பக்கத்து மேஜையில் ஒரு மாணவர் பத்து எண்ணிக்கை என்று நினைத்து "பத்து" என்று சொல்லிவிட, அறுபது வந்து இறங்கியதைப் பார்த்திருக்கிறேன். "ஸான் லியாங்" என்றால் மூன்று லியாங். இதை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். ஒரே பூரணத்தில் குறைந்தது இரண்டு லியாங் வாங்க வேண்டும் என்று பல கடைகளில் சொல்வார்கள். தட்டுக் கணக்கில் விற்கும் கடைகளும் உண்டு. அங்கே இந்தக் குழப்பமே இல்லை.

அடுத்தது பூரணம். உங்களுக்கு முக்கியமான விஷயம் இதுதான். சீனாவில் வெறுமனே "ரோ" (இறைச்சி) என்றால் பன்றி இறைச்சி என்றே அர்த்தம். ஆட்டிறைச்சிக்கு "யாங் ரோ", மாட்டிறைச்சிக்கு "நியூ ரோ" என்று முன்னால் சொல் சேர வேண்டும். கோழிப் பூரணம் அரிது, அதைத் தேடி அலைய வேண்டாம். முட்டை வேண்டுமென்றால் "ஜியூத்ஸாய் ஜீதான்" கேளுங்கள். பூண்டு வாசம் அடிக்கும் ஒருவகைக் கீரையும் முட்டையும் சேர்ந்தது. எனக்கு மிகவும் பிடித்தது. சில கடைகளில் அதில் பொடி இறால் கருவாடும் போடுவார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். தக்காளி முட்டைப் பூரணமும் நன்றாக இருக்கும்.

ஆனால் எல்லாப் பூரணமும் வேகிறது ஒரே அண்டாவில்தான். பன்றி பட்ட தண்ணீரும் ஆகாது என்றால் "சிங்ஜென்" (ஹலால்) என்ற பலகை உள்ள கடைக்குப் போங்கள். பெரும்பாலும் ஹுய் எனும் சீன முஸ்லிம் இனத்தவர் நடத்துபவை அவை. பன்றி உள்ளேயே வராது, ஆட்டிறைச்சி அருமையாக இருக்கும். இந்தச் சொற்களையெல்லாம் சீன எழுத்தில் எழுதி வாங்கிக் கைபேசியில் படமாக வைத்துக்கொண்டால், உச்சரிப்புப் பிசகினாலும் காரியம் நடக்கும்.

சுத்தம் பற்றிய பயம் நியாயம்தான். மேஜை பிசுபிசுப்பாக இருக்கலாம். நீங்கள் பார்க்க வேண்டியது மாவு தேய்க்கும் இடத்தை. இடது கை மாவு வில்லையைச் சுழற்றிக்கொண்டே இருக்கும், வலது கை விரல் தடிமனில் உள்ள சின்னக் குழவியை ஓரத்தில் மட்டும் ஓட்டும். ஓரம் மெல்லிசாகவும் நடு சற்றுக் கனமாகவும் வரும். மடித்து அழுத்தும்போது ஓரம் இரட்டையாகிவிடும் என்பதால்தான் இப்படி. கனமான நடுப்பகுதி கிழியாமல் பூரணத்தைத் தாங்கும். கண்முன்னே இது நடக்கும் கடையை நம்பலாம். அண்டா கொதித்துப் பொங்கும்போதெல்லாம் பச்சைத் தண்ணீர் ஊற்றுவார்கள், வழக்கமாக மூன்று முறை. மேல்தோல் வெடிக்காமல் உள்ளே இருக்கும் இறைச்சி வேக வேண்டுமே, அதற்காக. தட்டு வந்ததும் ஒன்றைப் பிட்டுப் பாருங்கள். இறைச்சி இளஞ்சிவப்பாக இருந்தால் திருப்பிக் கொடுங்கள். மனம் கோண மாட்டார்கள்.

பல கடைகளில் பணம் முதலில். அலிபே செயலியில் உங்கள் சர்வதேச அட்டையை ஊரிலேயே இணைத்துக்கொண்டு போங்கள். டிப்ஸ் வழக்கம் கிடையாது. மதிய நேரத்தில் முன்பின் தெரியாதவர் மேஜையில் உட்காருவது அங்கே சகஜம்.

தொட்டுக்கொள்ள, மேஜை மேல் உள்ள கறுப்புக் காடியை (வினிகர்) கிண்ணத்தில் ஊற்றி முதல் ஜியாவ்ஸை அதில் மட்டும் தொட்டுப் பாருங்கள். வடக்கில் அது ஷான்ஷி மாகாணத்துக் காடியாக இருக்கலாம். சோளத்தில் செய்து நாள்பட வைத்தது, புளிப்போடு ஒரு ஆழமான மணம் இருக்கும். மிளகாய் எண்ணெய் அப்புறம். தோல் உரிக்காத பச்சைப் பூண்டு இருந்தால் எடுத்து உரித்து, ஒரு ஜியாவ்ஸுக்கு ஒரு கடி என்று கடித்துக்கொள்ள வேண்டும். அலுவலகத்துக்குத் திரும்பப் போவதாக இருந்தால் அதை மட்டும் இரவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பார்சல் வேண்டாம். பத்து நிமிஷத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பிரித்தால் கிழிந்துவிடும். அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, கடைசியில் "ஜியாவ்ஸ் தாங்" என்று கேளுங்கள். ஜியாவ்ஸ் வெந்த தண்ணீர்தான், நம் வடிகஞ்சி மாதிரி வெள்ளையாக இருக்கும். உணவு வெந்த தண்ணீரே அந்த உணவைச் செரிக்க வைக்கும் என்பது அவர்கள் சொலவடை. அதற்குப் பெரும்பாலும் காசு வாங்க மாட்டார்கள்.