இன்டேக் குழாயில் பெட்ரோல் வாடை, ஈரம்: எங்கிருந்து வருகிறது?

கடலூரில் ஓடும் பெட்ரோல் கார். ஏர் ஃபில்டர் குழாயைக் கழற்றினால் பெட்ரோல் வாடை, த்ராட்டில் பாடிக்குள் (இன்ஜினுக்குப் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் பாகம்) ஈரம் என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டையும் தனித்தனியாகத்தான் பார்க்கவேண்டும்.

வாடைக்கு முதல் சந்தேகம் பர்ஜ் வால்வு. டேங்க் ஆவியைக் கரி நிரப்பிய கேனிஸ்டர் பிடித்துவைக்கும். அதை இன்டேக்குக்கு, அதாவது இன்ஜினுக்குக் காற்று போகும் வழிக்குத் திறந்துவிடுவது இந்த வால்வு. இன்ஜினை ஐடிலில் விட்டு, வால்வின் மின் கனெக்டரையும் கேனிஸ்டர் பக்கக் குழாயையும் உருவுங்கள். திறந்த முனையில் விரல் வைத்தால் இழுக்கிறதா? வால்வு மூடவில்லை, மாற்றுங்கள். புதுச்சேரியில் விலை குறைவென்று, பம்ப் 'கட்' ஆன பிறகும் கழுத்துவரை நிரப்பும் பழக்கம் நம்மூரில் உண்டு. திரவப் பெட்ரோலே கேனிஸ்டருக்குள் போய்க் கரியை ஊறவைத்துவிடும். அப்புறம் புது வால்வு போட்டும் பயனில்லை.

வால்வு சரியென்றால், ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை முகருங்கள். பெட்ரோல் நெடியோடு ஆயில் மட்டமும் ஏறியிருந்தால் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் ஒழுகலாம். நீர்த்த ஆயிலில் பேரிங் தேயும், ஓட்டாதீர்கள். இன்ஜினை நிறுத்தியதும் ஃபியூவல் ரெயில் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் கொடுக்கும் குழாய்) பிரஷர் மளமளவென இறங்குகிறதா என்று கேஜ் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஈரம் பெரும்பாலும் கிராங்க்கேஸ் (இன்ஜினின் அடிப்பகுதி) நீராவிதான். கடற்கரை ஊர், 2, 3 கிலோமீட்டர் ஓட்டம். இன்ஜின் சூடேறுமுன் நிறுத்தினால் அந்த நீராவி, கிராங்க்கேஸ் ஆவியை இன்டேக்குக்குக் கொண்டுபோகும் பிசிவி குழாய் வழியே வந்து படியும். அரைமணி நேரம் ஈசிஆரில் ஓட்டினால் காய்ந்துவிடும். கூலன்ட் குறைந்துகொண்டே வந்தால் கதை வேறு: ஹெட் கேஸ்கெட்டை (இன்ஜின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் இடையிலுள்ள அடைப்புத் தகடு) சோதிக்கவேண்டும்.